எட்டு ஓம் ஸ்பீக்கர்

மேலப்புதுக்குறிச்சி மெல்லிசைக் குழுவில் உலகநாதன் ஒன்பது வருஷமாகக் கிட்டார் வாசித்துவந்தான். அதை ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. உலகநாதனும் கேட்டதில்லை. பக்கத்தில் பிரம்மநாயகம் டிரம்ஸை அடிக்கிற அடியில், கிட்டார் சத்தம் கம்பியை விட்டு வெளியே வரவே பயப்படும். "மருமகன் யாரு சாமானையோ பிடிச்சுக்கிட்டு நிக்காரு" என்று அவன் மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிவந்தாள்.

இந்த வருஷம் கொடைத் திருவிழாவுக்கு முந்தி கோயில் தலைவர் அவனைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "கிட்டார் கேக்கணும். கேக்கலைன்னா அடுத்த கொடைக்கு அந்த இடத்துல பலூன்காரனை நிறுத்திருவேன்."

உலகநாதன் உடனே பிரம்மநாயகத்தையும் பாட்டுக்காரன் சித்திரைவேலையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினான். அங்கே பழைய வாத்தியக் கடை வைத்திருந்த எஸ்தர் அக்கா, இவர்கள் கைக்கு எட்டுகிற விலையில், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஒரு ட்யூப் ஆம்ப்பை எடுத்து வைத்தாள்.

பிரம்மநாயகம் குனிந்து பார்த்தான். "ட்யூப்னா வால்வு எங்க அக்கா?"

"அந்தக் கண்ணாடிக் குழாய்தான் தம்பி வால்வு."

"காத்து எவ்வளவு பிடிக்கும்?"

"காத்தே இருக்கக் கூடாது. உள்ள ஒண்ணுமே கிடையாது. அப்படி இருந்தாத்தான் நல்ல ட்யூப்."

மூன்று பேரும் வெளியே போய் ஆலோசித்தார்கள்.

"உள்ள ஒண்ணுமில்லைன்னு அந்தக்காவே ஒத்துக்கிடுது. ஒண்ணுமில்லாததுக்கா காசு குடுக்கது?" என்றான் சித்திரைவேல்.

"மத்தவன்னா இல்லாததை இருக்குன்னு சொல்லியிருப்பான். நேர்மையான கடைவே" என்றான் பிரம்மநாயகம். அந்த நேர்மைக்காகவே வாங்குவதென்று முடிவாயிற்று.

"எத்தனை வாட் அக்கா?" என்று உலகநாதன் கேட்டான்.

"அஞ்சு. ட்யூப்புல அஞ்சு வாட்டே காதைப் பிளக்கும்."

"எங்க வீட்டு மிக்ஸி எழுநூத்தம்பது வாட்" என்றான் சித்திரைவேல் யோசனையாக.

"அப்ப இவன் அதையே வாசிச்சிரலாமே" என்றான் பிரம்மநாயகம். உலகநாதன் நெடுநேரம் யோசித்தான். மிக்ஸியில் மூணே சுரந்தான் இருக்கிறது என்று அந்த எண்ணத்தைக் கைவிட்டான்.

எஸ்தர் அக்கா நிதானமாகச் சொல்லி அனுப்பினாள். "இதுல ஸ்பீக்கர் கிடையாது, அதான் விலை கம்மி. எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒண்ணு நீங்களே பாத்துக்கிடுங்க. ஸ்பீக்கரை மாட்டாம ஆன் பண்ணிராதீங்க, எரிஞ்சுபோகும். வாசிக்க முந்தி ரெண்டு நிமிஷம் சூடாகட்டும்." உலகநாதன் அத்தனையையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

திரும்பும் பஸ்ஸில் சித்திரைவேலுக்குச் சந்தேகம் வந்தது. "ஸ்பீக்கர்னா பெட்டியா, ஆளாவே?"

"பெட்டி எங்கவே ஓம் சொல்லும்? ஆளுதான்" என்றான் பிரம்மநாயகம். "நம்ம பக்கத்துல சொற்கொண்டல் தளவாயை விட்டா வேற ஸ்பீக்கர் யாரு? போன பட்டிமன்றத்துல மைக் அவிஞ்ச பெறகும் ரெண்டு மணி நேரம் பேசுனாரே."

தளவாய்க்கு மேடை என்றால் போதும், எதற்கென்று கேட்கமாட்டார். "எட்டு ஓம் என்ன தம்பி, நூத்தியெட்டு சொல்லுதேன்" என்றார்.

"வேண்டாம்யா. எட்டுதான் எழுதியிருக்கு" என்று உலகநாதன் உள்ளங்கையைக் காட்டினான்.

கொடையன்று சாயங்காலம் ஆம்ப்பைப் பொங்கல் அடுப்போரம் வைத்துச் சரியாக இரண்டு நிமிஷம் சூடேற்றினார்கள். ஒரு பக்கம் லேசாகக் கருகியது. பிறகு மேடையேற்றி, ஆம்ப்பிலிருந்து வந்த வயரைத் தளவாயின் சட்டைப் பையில் விட்டு ஊக்கு குத்தி இறுக்கமாக மாட்டினார்கள். தளவாய் மைக் முன்னால் நின்று கண்ணை மூடி எட்டு முறை ஓம் சொன்னார். சனங்கள் கும்பிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் குழாய் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது.

உலகநாதன் கம்பியைத் தட்டினான். ஒரு சத்தமும் வரவில்லை. இன்னொரு தடவை தட்டினான். முன்வரிசையில் தலைவர் பலூன்காரனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைப்பது தெரிந்தது. உலகநாதன் தளவாயின் பக்கம் சாய்ந்தான்.

"ஐயா, நான் அடிக்கது உங்களுக்கு வருதா?" என்று கிசுகிசுத்தான்.

"வருதே. லேசா கேக்கு."

"உள்ள வந்ததை வெளிய விடணும்யா. நீங்கதான ஸ்பீக்கர்."

தளவாய்க்கு அப்போதுதான் தன் பொறுப்பு விளங்கியது. உலகநாதன் தட்டினான். தளவாய் மைக்கில் "டொய்ங்ங்" என்றார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "டிங்கு டிங்கு டொய்ங்ங்" என்றார். விசில் பறந்தது. உலகநாதனின் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வாசிப்பைத் தானே கேட்ட உலகநாதனுக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நன்றாக வாசிப்போம் என்று அவன் நினைத்ததே இல்லை.

"நல்ல கிட்டாரு. உச்சரிப்பு சுத்தமா இருக்கு" என்றார் தலைவர்.

பதினோராவது பாட்டில் தளவாயின் தொண்டையிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அதற்குமேல் காற்றுதான். மறுநாள் காலையில் உலகநாதன் எஸ்தர் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு."

"பரவாயில்ல, ஒட்டித் தாரேன். துணியைச் சுத்தி, ஆடாம படுக்கவச்சுக் கொண்டாங்க."

தளவாயை இரண்டு ஜமுக்காளத்தில் சுற்றி, லோடு ஆட்டோவில் படுக்கவைத்து, குலுங்காமல் கொண்டுபோனார்கள். கடை மேசைமேல் மெதுவாக இறக்கிவைத்தார்கள். எஸ்தர் அக்கா ஜமுக்காளத்தையும் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தளவாய் தலையை மட்டும் வெளியே நீட்டி, மிச்சமிருந்த குரலில் சொன்னார்:

"ஒட்டுறதுதான் ஒட்டுதீங்க, கொஞ்சம் பேஸ் கூட்டி வச்சிருங்கம்மா."