முன்னோருக்கு முன்னால் ஒரு முற்றம்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த மேட்டில் ஒரு சுல்தான் ஆண்டுவந்தார். அவருடைய அரண்மனை ஒரே மூச்சில் எழுந்ததல்ல. கொள்ளுத்தாத்தா கடலோரமாக மாளிகை கட்டினார். தாத்தா அதையொட்டிப் பத்துப் புகைபோக்கியோடு சமையற்கட்டு எழுப்பினார். அப்பா பெரிய முற்றமும் வாசலும் சேர்த்தார். உள்ளே போனவர் வெளியே வர வழி கேட்கவேண்டிய அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

ஒருநாள் வெளிநாட்டுத் தூதர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அருமை! தாங்கள் எதைக் கட்டினீர்கள்?" என்று கேட்டுத் தொலைத்தார். சுல்தானுக்குச் சுருக்கென்றது.

"என் முன்னோர் கட்டியவற்றுக்கெல்லாம் முன்னால் என் கட்டடம் இருக்க வேண்டும்! அவர்கள் வைத்த ஒரு கல்லும் அசையக் கூடாது!" என்று சபையில் முழங்கினார்.

சபை திருதிருவென்று விழித்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் போய் யார் அஸ்திவாரம் போடுவது?

மந்திரி தல்ஹா பாஷா எழுந்தார். சபை விகடகவி ஷாகிரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "மாமன்னரே, இது ஷாகிரால் மட்டுமே ஆகக்கூடியது. மூன்று நாளில் இடம் காட்டட்டும். காட்டாவிட்டால் தலையை இழக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் சுல்தான்.

பொய் சொல்வானேன், ஷாகிர் நடுங்கித்தான் போனார். இரண்டு நாள் அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலை, சுல்தானின் உத்தரவை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தவர் சட்டென்று சிரித்துவிட்டார். சுல்தானையும் சபையையும் அரண்மனை வாசலுக்கு வெளியே அழைத்துப்போய்த் தெருவில் நிறுத்தினார்.

"மாமன்னரே, இதுதான் இடம். தங்கள் தந்தையார் வாசலுக்கு முன்னால் நிற்கிறோம். இங்கே தாங்கள் ஒரு முற்றமும் வாசலும் கட்டினால், வருகிறவர்கள் முதலில் தங்களுடையதில்தான் நுழைவார்கள். அப்புறம் அப்பா, அதற்கப்புறம் தாத்தா. கொள்ளுத்தாத்தாதான் கடைசி!"

"ஏமாற்று வேலை! மன்னர் சொன்னது காலத்தை!" என்று பாஷா கத்தினார்.

"காலம் என்று மன்னர் ஒரு வார்த்தை சொன்னாரா, பாஷா?"

"சொல்லவில்லை" என்றார் சுல்தான். சிரிப்பை அடக்கியதில் அவருடைய மீசை துடிக்க ஆரம்பித்திருந்தது. "ஆனால் ஷாகிர், இந்த இடத்துக்கு நடுவில் ஒரு பெரிய வீடு நிற்கிறதே. யாருடையது?"

"பாஷா அவர்களுடையது. இடிக்க வேண்டாம், மாமன்னரே. அரண்மனைக் குதிரைகளுக்கு லாயம் போதவில்லையே, அதையே லாயமாக்கிவிடலாம்!"

சுல்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது, பாஷாவைத் தவிர. சுல்தான் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஷாகிருக்குப் போட்டார். "உன் தலை உனக்கே. கட்டப்போகும் வாசலின் சாவியும் உனக்கே!"

அடுத்த ஆண்டே வாசல் எழுந்தது; பாஷாவின் வீடு லாயமானது. அன்றுமுதல் பாஷா சபைக்குப் போகவேண்டுமென்றால், "ஷாகிர், கொஞ்சம் கதவைத் திறப்பா" என்று கேட்டாக வேண்டும்.

"இதோ, பாஷா! முதலில் உங்கள் வீட்டுக் குதிரைகள் போகட்டும்" என்பார் ஷாகிர்.