மான்மயிர்த் தவளை

"மீன் அடிக்குது பிள்ளை. ஒண்டும் தூண்டிலிலை கொளுவுதில்லை" என்றார் சபாநாயகம் மாஸ்டர்.

தர்சிகா படகின் மறுமுனையில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப இழுத்தனீங்கள்?"

"தண்ணி வெடிச்ச உடனை."

"மீன் வாயை மூட முன்னமோ, மூடின பிறகோ?"

"அதை நான் எப்பிடிக் காணுறது?"

"காணேலாது" என்றாள். மிச்சப் பாணைத் தின்றாள்.

மாஸ்டருக்கு அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். தர்சிகாவுக்கு முப்பத்துமூன்று. கனடாவின் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். கோடை விடுமுறை வந்தால் அவளுக்கு இந்த ஏரியும் பாஸ் மீனும்தான். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடுகிற மனிதர் இந்தப் படகில் மாணவர்.

மனைவி இறந்தபின் அவருக்கு மிஞ்சியது ஒரே மகன். கோகுலன், சுபாவைக் கலியாணம் கட்டிக் கல்கரியில் குடியேறியவன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் எடுப்பான். "அப்பா, நான்..." என்று அவன் தொடங்கினால் போதும். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, அவன் சொல்ல வந்ததையும் சொல்லி, அதற்குப் பதிலையும் சொல்லி முடித்துவிடுவார். இரண்டு நிமிடத்தில் அவன் வைத்துவிடுவான்.

தன்னிடம் சுவையாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் காரணம் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். ஒரு மீன் பிடித்தால் ஒரு கதை கிடைக்கும். மகன் பத்து நிமிடமாவது லைனில் நிற்பான். அந்த ஆசைதான் அவரை இங்கே கொண்டுவந்தது.

ஆனால் இவளுடைய படிப்பு அவருக்குப் பிடிபடவில்லை.

முதல் நாள், மீனை ஏய்க்கும் பொய்த் தவளை கட்டுவதற்கு ஒரு கொத்து மான்மயிரைக் கொடுத்தாள். மயிருக்குள் காற்று இருக்கிறது, அதனால் மிதக்கும் என்றாள். தூண்டில் முள்ளில் வைத்து நூலால் இறுக்கச் சொன்னாள், இன்னும் நெருக்கச் சொன்னாள். மூன்று வாரம் விரல் நோக நெருக்கினார். தவளை கொழுகொழு என்று வந்தது. அவள் அதை வாங்கி, சவர அலகால் வயிற்றுப் பக்கம் முழுவதையும் மழித்துத் தள்ளினாள்.

"நெருக்கச் சொன்னதும் நீர்தானே?"

"ஓம்."

"பிறகேன் வெட்டினீர்?"

"முள்ளுக்கு இடம் வேணுமே."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு.

தண்ணீரில் இன்னும் மோசம். அல்லி இலைகளுக்கு நடுவே தவளையை விழுத்தச் சொன்னாள். வளையங்கள் அடங்கும்வரை அசைக்கக் கூடாது என்றாள். அடங்கிய பிறகு என்ன செய்வது என்று கேட்டார். பொறுக்கச் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். தவளை துள்ளியது.

"பாருங்கோ" என்றாள். "வாய் திறக்கேக்கை உங்கடை கையும் எழும்புது."

உண்மைதான். கரும்பலகைக்கு முன்னால் முப்பது வருடம் நின்ற கை அது.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

தவளை மறுபடியும் துள்ளியது.

அடுத்த ஞாயிறு காலை தவளை நல்ல இடத்தில் விழுந்தது. இலைக்கு அடியில் பெரிய நிழல் ஒன்று வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் கைபேசி அடித்தது. தர்சிகா அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பலகையில் வைத்தாள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

"அப்பா, நான்..."

மாஸ்டர் வாய் திறக்கவில்லை.

"அப்பா? லைனிலை நிக்கிறீங்களோ?"

"நிக்கிறார்" என்றாள் தர்சிகா. "மீனுக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறார், கதைக்கேலாது. நீங்கள் சொல்லுங்கோ."

அவன் வைத்துவிட்டான் என்றே மாஸ்டர் நினைத்தார். ஒன்றும் விளங்காமல் தவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுபாவும் நானும் பிரிஞ்சிட்டம். மூண்டு மாசமா நான் தனியத்தான் இருக்கிறன், அப்பா."

ஏன், எப்படி, யாருடைய பிழை, இனி என்ன என்று மாஸ்டருக்குக் கேள்விகள் வரிசையாக வாய்வரை வந்தன. அழுகையும் வந்தது. கை அசையவில்லை.

"எத்தினையோ தரம் சொல்ல வெளிக்கிட்டனான்..." கோகுலனின் குரல் உடைந்து நின்றது.

தண்ணீர் வெடித்தது. தவளையைக் காணவில்லை. தூண்டில் தடி வளைந்தது.

"இப்ப இழுங்கோ, மாஸ்டர்" என்று தர்சிகா கிசுகிசுத்தாள்.

மாஸ்டர் தண்ணீரைப் பார்க்கவில்லை.

"பொறும் பிள்ளை" என்றார் மெல்ல. "அவன் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."