மாலை போட்ட சர்வர்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். அங்கே மேனேஜர் கோதண்டபாணி வைத்ததுதான் சட்டம். அவர் வாங்கிப்போட்ட பழைய சர்வர்தான் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தலைமை. முதலாளி புதிதாக இன்னொன்று வாங்கினார், சின்னக் கம்பெனிகளுக்கென்றே வரும் ரகம். அதற்கு ஒரு வீம்பு உண்டு: தலைமையைக் கொடுத்தால் உழைக்கும், கொடுக்காவிட்டால் சில நாளில் தானாகவே நின்றுவிடும்.

"புதுசு நிக்கவும் கூடாது, என் சர்வர் தலைமையை விட்டு இறங்கவும் கூடாது. ஆயுத பூஜைக்குள்ள முடி. முடியலைன்னா வேற வேலை பாத்துக்கோ," என்றார் கோதண்டபாணி.

கம்ப்யூட்டர் அறை உதவியாளர் பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "உங்க சர்வருக்கு மரியாதை ஒண்ணும் குறையாது சார்," என்றாள்.

பூஜையன்று பழைய சர்வருக்குச் சந்தனம், குங்குமம், பெரிய சாமந்தி மாலை. மேனேஜர் முதலாளியை அழைத்துவந்து காட்டினார். "இது இல்லாம இங்க ஒரு தாள்கூட அச்சாகாதுங்க."

முதலாளியின் கையில் அப்போதுதான் அச்சாகி வந்த ஆர்டர் பட்டியல், சூடு ஆறாமல் இருந்தது. அவர் மாலையை விலக்கி எட்டிப் பார்த்தார். "இதுல ஒரு விளக்குகூட எரியலையே?"

பேச்சியம்மாள் பணிவாகச் சொன்னாள்: "பூஜையில வச்சது ஓடக்கூடாதுன்னு மேனேஜர் சார்தான் சொன்னாங்க. காலையில எட்டு மணிக்கே தலைமையைப் புதுசுக்கு மாத்தி, இதை நிறுத்திட்டுத்தான் மாலையைப் போட்டேன்."