சொற்காட்டில் எல்லை தாண்டிய கிளை

சொற்காட்டுக்குள் நுழையும் வழியைத் அகல்விழி என்னும் தேவாங்குக்கு முதன்முதலில் சொன்னவள், முள்ளாயி என்னும் முள்ளம்பன்றி.

அணை எழும்பியபின் ஆற்றோரத்துக் காடு முழுவதும் நீருக்குள் போய்விட்டது. தப்பிய விலங்குகள் மேட்டுப் பாறைகளில் ஒண்டிக்கொண்டன. அகல்விழியின் குட்டி அந்தப் பாறையில்தான் பிறந்தது.

“அம்மா, மரம் என்றால் உயரமான பாறையா?” என்று அது ஒருநாள் கேட்டது. அன்று அகல்விழிக்கு இரை இறங்கவில்லை.

“இதற்கா கண்ணைக் கசக்குகிறாய்?” என்றாள் முள்ளாயி. “மாலையில் நீர்க்கரை மணலுக்கு வா. பழைய காட்டை நாங்கள் அங்கே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம்!”

“எதைக் கொண்டு கட்டுகிறீர்கள், அக்கா? இங்கே ஒரு சுள்ளிகூடக் கிடையாதே!”

“சொல்லைக் கொண்டுதான்! எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். மணலில் உனக்கென்று பிரித்துத் தரும் மனையில் நீ உன் பொருளை வைக்க வேண்டும். அது எப்படி இருந்தது, எப்படி மணத்தது என்று சொல்ல வேண்டும். கேட்பவர் அனைவரின் கண்ணுக்குள்ளும் அது தெரிந்துவிட்டால், அது அங்கேயே நின்றுவிடும். மறுநாள் வந்து பார்த்தாலும் இருக்கும்.”

மனைகள் பிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தொடக்கத்தில் அவரவர் விரும்பிய இடத்தில் விரும்பியதை வைத்தார்கள். காட்டுப்பன்றி தன் சேற்றுக் குட்டையைக் கீரியின் புற்றின் மேலேயே வைத்துவிட்டது. சண்டை மூண்டது. ஆகவே முள்ளாயி தன் முதுகு முட்களையே உதறி, மணலில் வரிசையாக நட்டாள். பழைய காட்டில் யார் எந்தப் பக்கம் வாழ்ந்தாரோ, அவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனை. முள்ளைத் தாண்டி வரும் பொருளை அண்டை மனைக்காரர் மறுக்கலாம். மறுக்கப்பட்ட பொருளைப் பற்றி அதன்பின் எவரும் எங்கும் பேசக்கூடாது. இதுவே சட்டம்.

அன்று மாலை அகல்விழி தன் மனையில் அமர்ந்தாள். குட்டி அவள் வயிற்றை இறுகப் பற்றியிருந்தது.

“இது என் மருத மரம்,” என்று அவள் தொடங்கினாள். “இதன் பட்டை வெளுத்து, வழுவழுப்பாக இருக்கும். மழை பெய்தால் அடிமரத்தில் நீர் வரிவரியாக இறங்கும். பூத்துவிட்டால் தேனீக்களின் இரைச்சலில் உறக்கமே வராது. மேற்கே ஒரு கிளை நீண்டிருக்கும். அந்தக் கிளையில் ஒரு பொந்து. நான் பிறந்தது அதில்தான். என் அம்மா என்னை அங்கே வைத்துவிட்டுத்தான் இரை தேடப் போவாள்.”

மரங்கொத்தி மெல்ல விம்மியது. “தெரிகிறது! எனக்குத் தெரிகிறது!” என்றது மான்.

“எனக்கும் தெரிகிறது!” என்று வேறொரு குரல் எழுந்தது. “என் மனைக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதும் தெரிகிறது!”

பேசியவன் கூரன் என்னும் நரி. மேற்கு மனை அவனுடையது. அதில் அவன் இதுவரை ஒன்றுமே வைக்கவில்லை. மணலை நாள்தோறும் வாலால் பெருக்கி, முட்களை நிமிர்த்தி வைப்பதே அவன் வேலை.

“கூரன் அண்ணா, உங்கள் மனை வெறுமையாகத்தானே இருக்கிறது? ஒரு கிளைதானே!” என்றாள் அகல்விழி.

“வெறுமையாக இருந்தாலும் அது என் வெறுமை! இன்று கிளை வரும். நாளை தேனீ வரும். மறுநாள் உன் உறவெல்லாம் தொங்கும். முள்ளாயி அக்கா, சட்டம் என்ன சொல்கிறது?”

முள்ளாயி தலையைக் குனிந்துகொண்டாள். “மறுக்க உனக்கு உரிமை உண்டு, கூரா.”

“மறுக்கிறேன்!”

மரம் அப்படியே நின்றது. மேற்குக் கிளை மட்டும் வெட்டப்பட்டது. அகல்விழி நாணயமானவள். சபையில் மட்டுமன்று, பாறை இடுக்கில் குட்டியோடு தனித்திருக்கும்போதும் அந்தக் கிளையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. “நீ எங்கே பிறந்தாய், அம்மா?” என்று குட்டி கேட்டால், “உறங்கு,” என்பாள்.

நரிக்குக் கிடைத்த வெற்றி மற்றவர்களுக்கும் ஆசையைக் கிளப்பியது. மானின் ஓடை தன் மனை வழியே போகிறது என்று காட்டுப்பன்றி மறுத்தது. ஓடை அந்த முள்ளோடு நின்று குட்டையாயிற்று. தாழம்பூவின் மணம் எல்லை மீறுகிறது என்று கீரி மறுத்தது.

“மயிலே, உன் அகவல் என் மனைக்குள் வருகிறது!” என்றது மான்.

“நான் எப்படியம்மா என் குரலைப் பாதியில் மடிப்பேன்?”

“அது உன் பாடு!”

மழைக்காலம் வருவதற்குள் எல்லாப் பொருளும் அதனதன் முட்களுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் அங்கே காடு இல்லை. நீரோடாத ஓடையும், மணமில்லாத பூவும், ஓசையில்லாத மயிலும் தனித்தனியே நின்றன. வருவோர் குறைந்தனர். வந்தவர்களும் கொட்டாவி விட்டனர்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில் கூரன் தொண்டையைச் செருமினான்.

“இன்று நான் என் வளையை வைக்கப்போகிறேன். அனைவரும் கண்ணை மூடுங்கள்! ஆற்றங்கரைச் சரிவு. அதில் வரிசையாக வளைகள். நடுவில் ஒன்று என்னுடையது. உள்ளே மண் குளிர்ந்திருக்கும்.”

“வளைகள் தெரிகின்றன. உன்னுடையது எது?” என்றது கீரி.

“அதுதான்... அந்த... புதர் ஓரமாக...”

“எல்லா வளையும் புதர் ஓரந்தான்!”

கூரன் கண்ணை இன்னும் இறுக மூடினான். அவனுக்கும் தெரியவில்லை. “என் தாய் எங்களை நக்கிக்கொடுத்த இடம் அது. எனக்கு எப்படித் தெரியாமற் போகும்?”

“விடியலில் வேட்டை முடிந்து வரும்போது எப்படிக் கண்டுபிடிப்பாய்?” என்று முள்ளாயி கேட்டாள்.

“அதற்கென்ன! கிளையின் நிழல் எந்த வாசலில் விழுகிறதோ, அதில் நுழைந்துகொள்வேன்...”

அவன் சட்டென்று நிறுத்தினான். எந்தக் கிளை என்று ஒருவரும் கேட்கவில்லை.

கூரன் முட்களின் ஓரமாகத் தவழ்ந்து வந்தான். “அகல்விழி, தங்கச்சி! என் மறுப்பை நான் திரும்பப் பெறுகிறேன். அந்தக் கிளையை வைத்துவிடு. எனக்கு வீடு வேண்டும்!”

அகல்விழி கண்ணை மூடினாள். பிறகு அவளுடைய பெரிய கண்கள் நிறைந்து வழிந்தன.

“வரவில்லை, அண்ணா! பேசாதே என்றீர்கள், பேசவில்லை. இப்போது கிளை எங்கே பிரிந்தது என்று தெரியவில்லை. பொந்தின் வாய் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. உள்ளிருந்த இருட்டு மட்டும் நினைவிருக்கிறது.”

குட்டி அவள் முகத்தைத் தடவியது. சபை கலங்கிப்போயிற்று. ஒரு காடு நீரில் மூழ்கியது. மிச்சமிருந்த ஒரு கிளை சட்டத்தில் மூழ்கிவிட்டது.

“அடிப்பக்கம்!” என்றான் கூரன் திடீரென்று. “பொந்தின் வாய் கிளையின் அடிப்பக்கம்! நீ மேலிருந்தவள்; நான் கீழிருந்து தினமும் அண்ணாந்து பார்த்தவன். வாயைச் சுற்றிப் பட்டை உதடுபோல் தடித்திருக்கும். உன் அம்மா அங்கே தலைகீழாகத் தொங்கியபடி வெட்டுக்கிளி தின்பாள். இறக்கைகளைக் கடித்து என் தலைமேல் துப்புவாள்! நான் எத்தனை முறை ஏசியிருக்கிறேன்!”

அகல்விழி அழுகையினூடே சிரித்துவிட்டாள். “ஆமாம்! பச்சை இறக்கை! ‘கீழே ஒரு முன்கோபி இருக்கிறான், மெல்லப் பேசு’ என்பாள்!”

“முன்கோபியா? நானா?”

“வேறு யார், அண்ணா?”

“கிளையின் நடுவில் நான் கொத்திய தழும்பு உண்டு!” என்றது மரங்கொத்தி. “அதன் நுனி சற்றே தாழ்ந்து, ஆற்றைப் பார்த்து வளையும்!” என்றது மான். ஒருவர் ஒன்று சொல்ல, அதைப் பற்றிக்கொண்டு இன்னொருவர் சொன்னார். கிளை அடியிலிருந்து நுனிவரை வளர்ந்தது. முள்வரிசையைத் தாண்டி, கூரனின் வெற்று மனைமேல் நீண்டு, இலைவிட்டது. அதன் நிழல் சரிவில் இறங்கி, ஒரே ஒரு வாசலில் விழுந்தது.

அகல்விழியின் குட்டி கண்ணை மூடியபடியே கையை நீட்டி, காற்றில் எதையோ இறுகப் பற்றிக்கொண்டது.

“முட்களைப் பிடுங்கிவிடலாமா, அக்கா?” என்று மான் கேட்டது.

“வேண்டாம்,” என்றாள் முள்ளாயி. “பன்றியின் குட்டை மறுபடியும் புற்றின்மேல் ஏறிவிடும். வேர் எங்கே ஊன்ற வேண்டும் என்று முள் சொல்லட்டும். கிளையையும் நீரையும் மணத்தையும் குரலையும் இனி அது தடுக்க வேண்டாம்.”

அன்று மாலை மயில் முழுக் குரலில் அகவியது. கூரன் அகல்விழிக்குத் தான் பட்ட கடனைத் தீர்த்துவிட்டான்: ஒரு கிளை, அதில் ஒரு பொந்து. வட்டியாக அவனுக்கே கிடைத்தது, ஒரு நரி நுழையும் அளவு நிழல்.

அண்டை வீட்டாரின் நிழலை வெட்டுகிறவன், தன் வீட்டுக்குப் போகும் வழியையே வெட்டிக்கொள்கிறான்.