காயாத சிறகை மடிக்காதவள்

அந்தக் காலத்தில், மனுசரும் பறவையும் ஒரே சந்தையில் நின்று ஒரே பாஷையில் பேரம் பேசிய காலத்தில், தண்ணீரில் பிழைக்கும் பறவை எதுவானாலும் தொப்பலாக நனையும். கொக்கும் நனையும், நீர்க்காகமும் நனையும், வாத்தும் நனையும். வாத்தாவது நனையவாவது என்று சிரிக்காதீர்கள். நனைந்ததுதான். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

பெரிய ஏரிக்கு நடுவில் ஒரு கருவேல மரம். அதில் காரழகி என்றொரு நீர்க்காகம் கூடு கட்டியிருந்தாள். முங்குவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. இந்தப் பக்கம் முங்கினால் அந்தப் பக்கம் வாயில் கெண்டையோடு எழுவாள். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே, இருக்கிற திறமைக்குத்தானே பெருமை!

ஆனால் போன வருசத்து அடைமழையில் அவள் மனசு உடைந்துபோயிருந்தது. இரை தேடி முங்கி எழுந்தவள், முட்டை குளிரில் கிடக்கிறதே என்ற பதற்றத்தில், சொட்டச் சொட்டச் சிறகை மடித்துக்கொண்டு ஓடிப்போய் அடைகாக்க உட்கார்ந்தாள். தினமும் இப்படியே. ஈரச் சிறகுக்கடியில் சூடு எங்கிருந்து வரும்? மூன்று முட்டையும் சில்லிட்டுப்போயின. ஒன்றுகூடப் பொரியவில்லை.

இந்த வருசம் இரண்டு குஞ்சுகள் பொரிந்திருந்தன. இறகு முளைக்காத வெற்றுடம்புக் குஞ்சுகள். ஐப்பசி பிறந்தது. கிழக்கே இடி உருளும்போதெல்லாம் காரழகி குஞ்சுகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை விடமாட்டேன்டி. என் பிள்ளைங்க குளிர்ல விறைக்கக்கூடாது" என்று தன் தோழி தாராயியிடம் சொன்னாள். தாராயி ஒரு வாத்து. நல்ல மனசு, ஓயாத வாய்.

அந்த வாரம் ஏரிக்கரையில் நாச்சாயி என்ற உப்பு வியாபாரி வண்டியை அவிழ்த்துக் கூடாரம் போட்டிருந்தாள். ஒரு பகல் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. ஊரே ஊறிக் கிடக்க, கூடாரத்துக்குள் உப்பு மூட்டை ஒன்றுகூடக் கரையவில்லை. காரழகி கண்ணால் பார்த்தாள். தாராயியை இழுத்துக்கொண்டு நேரே போய் நின்றாள்.

"அக்கா, எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லுங்க."

"வித்தை என்ன வித்தை, எல்லாம் பூச்சுதான்" என்றாள் நாச்சாயி. "தேன்மெழுகு, குங்கிலியம், இலுப்பை எண்ணெய். மூணையும் சேர்த்துக் காய்ச்சித் துணியில தேய்ச்சுட்டா, சொட்டுத் தண்ணி உள்ளே வராது. வாங்குறதுன்னா மலையடிவாரத்துச் செவ்வாய்ச் சந்தைக்குப் போங்க. அங்கே கரடியார் கடை. மத்த கடையில மெழுகோட கொழுப்பைக் கலந்து தலையில கட்டிடுவாங்க. கரடியார்கிட்ட கலப்படம் கிடையாது."

கரடியார் கடையில் என்ன கலப்படம் இருக்கும்? மெழுகுக்காக அவர் தேனடை எடுக்கவில்லை. தேனைத் தின்று முடித்தபின் மிஞ்சியதுதான் மெழுகு. பண்டத்துக்குப் பதிலாக அவர் கேட்டது ஏரித் தாமரைக்கிழங்கு. தாராயிக்கு அவ்வளவு ஆழம் முங்க வராது. ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்துக் காரழகியே அடித்தரைக்குப் போய்க் கிழங்கு பிடுங்கி வந்தாள்.

கரடியார் பூச்சைக் காய்ச்சி, ஆளுக்கொரு டப்பாவில் ஊற்றி, கறாராகச் சொன்னார். "சாமானும் தரேன், வழியும் சொல்றேன். அப்புறம் வந்து மூக்கைச் சிந்தக்கூடாது. நல்லா காய்ஞ்ச சிறகுல பூசணும். ஈரத்து மேல பூசினா ஈரம் உள்ளேயே தங்கிடும். அக்குள், மடிப்பு, ஓரம் எதையும் விடாதீங்க, தண்ணி அங்கேதான் பூரும். அப்புறம் ஒண்ணு, பூந்திக்கொட்டை நுரை பட்டா பூச்சு அத்தனையும் போயே போயிடும்."

இரண்டு பேரும் வெயிலில் காய்ந்து, சொன்னது சொன்னபடி பூசிக்கொண்டார்கள். மறுநாள் பிடித்தது பாருங்கள் மழை! தாராயி மேல் விழுந்த துளி உருண்டு ஓடியது. காரழகி மேல் விழுந்ததும் அப்படியே. அவள் வயிற்றுக்கடியில் குஞ்சுகள் வெதுவெதுப்பாகத் தூங்கின. "அம்மாடி, நான் ஜெயிச்சுட்டேன்!" என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மழை வெறித்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. காரழகி ஏரியில் குதித்தாள். குதித்த வேகத்தில் மேலே வந்துவிட்டாள். மறுபடி குதித்தாள். மறுபடியும் நெற்றுத் தேங்காய் மாதிரி மிதந்தாள். தண்ணீர் சிறகுக்குள் நுழைந்தால்தானே உடம்பு கனத்துக் கீழே இறங்கும்! பூச்சு அதைக் கிட்டவே விடவில்லை. கண்ணுக்குக் கீழே கெண்டை துள்ளுகிறது, எட்ட முடியவில்லை. ஏரியிலேயே பெரிய முங்குகாரி, மேலே கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

பாசி தின்கிற தாராயிக்கு என்ன கவலை? அவளுக்குச் சாப்பாடு மேலேயே மிதக்கிறது. பாவம், தோழியின் குஞ்சுகளுக்கும் ஒரு வாய் பாசி கொண்டுவந்து ஊட்டினாள். அவை துப்பிவிட்டன. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் சின்னக் குஞ்சுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

காரழகி எழுந்தாள். கரையோரத்துப் பூந்தி மரத்தடிக்குப் போய்க் கொட்டைகளை மிதித்து உடைத்துக் குழியில் போட்டுக் கலக்கினாள். நுரை பொங்கியது.

"அடியே, உனக்கென்ன பைத்தியமா?" தாராயி அலறினாள். "கிழங்கு பிடுங்கி வாங்கின பூச்சுடி! மழைக்காலம் இன்னும் பாதிகூட முடியலை. போன வருசம் நடந்தது மறந்துபோச்சா?"

"மறக்கலை. அது நெஞ்சுலயே கிடக்கு. ஆனா காய்ஞ்ச தாயா உட்கார்ந்து பிள்ளையைப் பட்டினி போடுறதுக்கு நான் வரலை. நான் முங்குறவடி. முங்கித்தான் வளர்ப்பேன்." சொல்லிவிட்டு நுரையில் இறங்கிச் சிறகைத் தேய்த்தாள். பூச்சு மொத்தமும் போனது. மிச்சமிருந்த தன் டப்பாவையும் தாராயியின் கையில் திணித்தாள். "இந்தா, நீயே வெச்சுக்கோ."

பிறகு முங்கினாள். கல்லைப் போட்டது போல் கீழே போனாள். அயிரையும் கெண்டையுமாக அள்ளி வந்து, குஞ்சுகளின் வாயில் திணித்தாள். சின்னது விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தது. கிழக்கிலிருந்து சில்லென்று காற்று வீசியது. இரண்டும் நடுங்கின. போன வருசத்தைப் போலவே அவள் சொட்டச் சொட்டச் சிறகை மடித்து உட்காரப் போனாள்.

அப்போது கரையில் சத்தம் கேட்டது. மாட்டைப் பூட்டி நின்ற நாச்சாயியின் புருசன் கத்திக்கொண்டிருந்தான். "நேரமாச்சு, கூடாரத்தைச் சுருட்டிப் போடு, கிளம்பலாம்!"

நாச்சாயி கூடாரத்தை இரண்டு கழிகளில் அகல விரித்துக் கட்டியிருந்தாள். "பூச்சு வெளியிலதான்யா. உள்பக்கம் நம்ம மூச்சுல ஈரமாத்தான் இருக்கு. காயாம மடிச்சா அந்த ஈரமே துணியைத் தின்னுடும். மாடு நிக்கட்டும், நீயும் நில்லு. அவசரப்பட்டு மடிச்ச கூடாரம் ஒருத்தரையும் காப்பாத்தாது."

காரழகி அப்படியே நின்றுவிட்டாள். போன வருசம் முட்டைகளைக் கொன்றது மழையல்ல, தான் அவசரப்பட்டு மடித்த ஈரச் சிறகு என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கூட்டுக்குப் பக்கத்துப் பட்ட கிளையில் ஏறினாள். இரண்டு சிறகையும் அகல விரித்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் காட்டினாள். குஞ்சுகள் "அம்மா, வா" என்று கத்தின. அவளுக்கு உயிரே போனது. "இருங்கடா கண்ணுகளா, இதோ வந்துட்டேன்" என்றாள். ஆனால் அசையவில்லை. கடைசி ஈரமும் உலர்ந்தபின்தான் இறங்கி அணைத்தாள். காய்ந்த சிறகுக்கடியில் இரண்டும் சூடாக ஒண்டிக்கொண்டன. மழைக்காலம் முழுக்க இதே வேலைதான். மழை வெறித்ததும் முங்குவாள், ஊட்டுவாள், விரிப்பாள், காய்வாள், அணைப்பாள். தையில் இரண்டு குஞ்சும் பறந்தன.

தாராயி? இரண்டு டப்பாவையும் வாலடியில் சொருகிக்கொண்டாள். இன்றைக்கும் வாத்து வாலடியைக் கொத்திக் கொத்திச் சிறகெல்லாம் பூசிக்கொள்கிறதே, கரடியார் கடைச் சரக்கு இன்னும் தீரவில்லை. சந்தைக்குப் போகும் வேலை அவளுக்கு அதோடு விட்டது.

சிறகை விரித்து நிற்பதைப் பார்த்துக் கரையில் போகிற பறவைகள் கிண்டல் செய்தால் நீர்க்காகம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அன்று தொடங்கித்தான் அவள் வம்சத்தில் எவரும், முங்கி எழுந்தால், காயாத சிறகை மடிப்பதில்லை.