மச்சான் மடாதிபதியான கதை

மலைநாடு ஒன்றை உல்ரிக் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு வெளியே எதிரிகள் யாரும் கிடையாது. வீட்டுக்குள் ஒரு மச்சான் இருந்தான், அதுவே தாராளமாகப் போதும்.

மச்சானின் பெயர் கஸ்பார், ராணியின் ஒரே தம்பி. வேட்டை, விருந்து, விருந்து முடிந்தால் தூக்கம், இதைத் தவிர வேறு வேலை அறியாதவன். அந்த நேரம் பார்த்துக் கணவாய் ஓரத்திலிருந்த கிறிஸ்தவத் துறவிகள் மடத்தின் தலைவர் காலமானார். அந்த மடத்துக்குக் காடு உண்டு, திராட்சைத் தோட்டம் உண்டு, கொழுத்த கெண்டை மீன் துள்ளும் குளமும் உண்டு. குளத்தை நினைத்துக் கஸ்பாருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ராணிக்கு வரவில்லை. நான்காம் நாள் ராணி ராஜாவைத் தூங்க விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை, சிவந்த கண்களோடு ராஜா தன் ஆலோசகன் திபோவைக் கூப்பிட்டார்.

"திபோ, கஸ்பார் மடாதிபதி ஆகவேண்டும்."

"மகாராஜா, மடாதிபதியைத் துறவிகள்தானே கூடித் தேர்ந்தெடுப்பார்கள்? காலங்காலமாக அப்படித்தானே நடக்கிறது?"

"அதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நான் திணித்தேன் என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லக்கூடாது. பன்னிரண்டு துறவிகளும் முழு மனதோடு கை தூக்கவேண்டும். ஒரு கை குறைந்தாலும் அத்தனை பேரையும் எல்லைக்கு வெளியே துரத்திவிட்டு மடத்தைக் கஸ்பாருக்கே எழுதிவிடுவேன். கூடவே நீயும் மூட்டை கட்டு!"

திபோ தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். பனி கொட்டும் கணவாயில் வழிப்போக்கருக்கு இருந்த ஒரே ஒதுங்கிடம் அந்த மடம். அதில் இருப்பவர்களோ தள்ளாத கிழவர்கள். துரத்தினால் எங்கே போவார்கள்? அவன்தான் எங்கே போவான்?

யோசித்தபடியே மடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். மூத்த துறவி ஹூபெர்த் விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப் போனார்.

"அந்தச் சோம்பேறிக்குக் கை தூக்குவதா? நடக்காது! நீங்கள் முதலில் உட்காருங்கள், காலை நீட்டுங்கள்."

கோபத்தோடே வெந்நீர் கொண்டுவந்து, மண்டியிட்டு, திபோவின் காலைக் கழுவ ஆரம்பித்தார். திபோ பதறிவிட்டான்.

"ஐயோ, சுவாமி! என்ன இது?"

"இது தலைவருடைய வேலை. அவர் இல்லாததால் நான் செய்கிறேன். வருகிற விருந்தாளியின் காலைத் தலைவர் தன் கையாலேயே கழுவவேண்டும், சாப்பாடும் அவர்களோடுதான். இது எங்கள் மடத்து விதி."

"யார் வந்தாலுமா?"

"யார் வந்தாலும். வருகிறவர் கிறிஸ்துவே என்று நினைத்துக்கொள்ளவேண்டும்."

"எத்தனை பேர் வந்தாலுமா?"

"எத்தனை பேர் வந்தாலும்."

திபோ சிரித்த சிரிப்பில் வெந்நீர்த் தொட்டி கவிழ்ந்தது. பிறகு ஹூபெர்த்தின் காதில் ஏதோ சொன்னான். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு கிழவர்களும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் பன்னிரண்டு கைகளும் முழு மனதோடு உயர்ந்தன. கஸ்பார் விதிப் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதில் ஒரு வரியும் தவறமாட்டேன்" என்று ராஜா முன்னிலையில் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

அன்று மாலையே திபோ சந்தைக்குச் சந்தை தண்டோரா போட்டுவிட்டான். 'ராணியின் தம்பி தன் திருக்கையால் கால் கழுவுகிறார்! எல்லோரும் வரலாம்!'

வந்தார்கள் பாருங்கள்! கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்தார்கள், தோல் பதனிடுகிறவர்கள் வந்தார்கள், பன்றி மேய்க்கிறவர்கள் வந்தார்கள். பிறந்ததிலிருந்து காலில் தண்ணீர் படாதவர்கள்கூட வந்தார்கள். கழுவி முடிந்ததும் வெளியே போய்ச் சேற்றில் ஒரு மிதி மிதித்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றவர்களும் உண்டு. கஸ்பார் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம், "தந்தையே, இன்னொரு விருந்தாளி!" என்று ஹூபெர்த்தின் குரல் தேனாக வரும். சாப்பாட்டில் கெண்டை மீன் வந்தது. ஆனால் பந்தியில் நூறு பேர். கஸ்பாருக்கு வால்தான் மிஞ்சியது.

நான்காம் நாள், மச்சானோடு உட்கார்ந்து மீன் சாப்பிடலாமென்று ராஜாவே திபோவோடு வந்து இறங்கினார். நுழைந்ததும் துறவிகள் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். குனிந்த தலை நிமிராமல் ஒருவன் அவருடைய வலது பூட்ஸைக் கழற்றினான். பூட்ஸிலிருந்த ராஜமுத்திரையைப் பார்த்ததும் "அத்தான்!" என்று அலறி, காலைக் கட்டிக்கொண்டான். "என்னைக் காப்பாற்றுங்கள்! கண்ணை மூடினால் குதிகாலாகத் தெரிகிறது!"

ராஜா பாய்ந்தார். "ஹூபெர்த், இவனை உடனே விடுவியுங்கள்!"

"எங்களுக்கு இவரைப் பிடித்துப்போய்விட்டதே, மகாராஜா. விரலிடுக்கில்தான் இன்னும் கொஞ்சம் பழகவேண்டும். அதோடு இந்தப் பதவி ஆயுள் முழுக்க."

திபோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மகாராஜா, இனித் தலைவர் தேர்வில் அரண்மனை தலையிடாது, துறவிகள் தங்களுக்குப் பிடித்த யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம்."

"கொண்டா காகிதத்தை!"

முத்திரை விழுந்தது. மை காய்வதற்குள் கஸ்பார் வாசலைத் தாண்டி ஓடிவிட்டான். காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ஹூபெர்த்துக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அங்கேயே அடுத்த தலைவருக்கான தேர்தல் தொடங்கியது. துறவிகள் குசுகுசுவென்று பேசினார்கள். பேசிவிட்டுப் பன்னிரண்டு பேரும் திரும்பி, ராஜாவை ஆசையோடு பார்த்தார்கள்.

"திபோ, எல்லோரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள்?"

"யாரை வேண்டுமானாலும் என்று இப்போதுதானே எழுதிக் கொடுத்தீர்கள், மகாராஜா?"

ராஜா எழுந்தார். ராஜநடையெல்லாம் காற்றில் பறந்தது. ஒற்றைப் பூட்ஸோடு குதிரைமேல் தாவியவர் மலையடிவாரம் வந்துதான் நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பின்னாலேயே வந்து சேர்ந்த திபோவின் கையில் தன் மோதிரத்தைக் கழற்றி வைத்தார்.

"கெட்டிக்காரன்டா நீ! போய் அந்த இன்னொரு பூட்ஸை எடுத்துவா."

திபோ மோதிரத்தைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தான்.

"மன்னிக்கவேண்டும், மகாராஜா. அங்கே தேர்தல் இன்னும் முடியவில்லை."