நிக்க மாட்டேன்னு ஓடுன கம்ப்ரஸர்

போர்வைய இழுத்துப் போத்திக்கோ. காலை என்ற மேல போடாத, கனமா இருக்குது. பெரியம்மா சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டோணும். கொட்டலைன்னா நானும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன், இப்பவே சொல்லிப்புட்டேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ரோபோ இருந்துச்சாம். ஆளு மாதிரியெல்லாம் இல்ல கண்ணு. இந்தக் கட்டில் ஒசரம், நாலு சக்கரம், முன்னால ஒரு கை. அந்தக் கை பந்தைப் புடிக்கோணும்னா காத்து வேணும். காத்தடிக்க ஒரு கம்ப்ரஸர், அடிச்ச காத்தைச் சேத்தி வெக்க ரெண்டு டேங்க். கம்ப்ரஸர் டர்ர்ர்ர்ருன்னு ஓடும், டேங்க்ல காத்து ஏறும்.

"ஏறிட்டே இருந்தா?"

வெடிச்சுப் போயிரும். அதுக்குத்தான் ஒரு சுவிட்சு. கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். நம்ம மேல்தண்ணி டேங்க் நெறஞ்சா மோட்டார் தானா நிக்குதுல்ல, அதே வேலைதான். காத்து கம்மியா இருந்தா சுவிட்சுக்குள்ள ரெண்டு ஒயரும் ஒட்டியிருக்கும், கம்ப்ரஸர் ஓடும். காத்து எவ்வளவுன்னு காட்டற கேஜ்ல முள்ளு நூத்தியிருவதைத் தொட்டுச்சுன்னா 'டிக்'குன்னு பிரிஞ்சுக்கும், கம்ப்ரஸர் நின்னுக்கும். பத்து வருசம் மோட்டார் கம்பெனில காயில் சுத்துனவ சொல்றேன், நம்பு.

"ம்."

அந்த ரோபோவுக்கு ஒயர் போட்டவ மௌனிகான்னு ஒரு புள்ள. பதினொண்ணாவது படிக்கறா. பேருதான் மௌனிகா, வாயி நாலு தெருவுக்குக் கேக்கும். ஆனா வேலைல அப்படி ஒரு சுத்தம். ஒரு ஒயரை மாட்டுனா மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் கையை எடுப்பா. அவ கூடப் படிக்கற ரெண்டு பசங்களும் டீம்ல இருந்தாங்க. யுகேந்திரன்தான் கேப்டன், ரோபோவை ஓட்டறவன். அஸ்லம் புரோகிராம் எழுதறவன், மெதுவாப் பேசுவான். ஆட்டம் ஆரம்பிச்சதும் பதினஞ்சு வினாடி யாரும் தொடாம ரோபோ தானா ஓடோணும். அதைய செட் பண்ண அஸ்லம் ஒருத்தனாலதான் ஆகும்.

அப்புறம் போட்டி நாளு வந்துச்சு. ஒரு பெரிய காலேஜு ஆடிட்டோரியம். ஆட்டத்துக்கு முன்னால செக்கிங் உண்டு. பாஸானா ரோபோ மேல பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. பன்னண்டு மணிக்குள்ள ஸ்டிக்கர் வாங்கலைன்னா மூட்டையக் கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எட்டு மாசம் சனி ஞாயிறு பாக்காமச் செஞ்ச ரோபோ சாமி. மௌனிகா காத்தால வெச்ச இட்லியத் தொடவே இல்ல.

செக்கிங்குக்கு ஹெலன் மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. கண்ணாடிய ஏத்தி விட்டுட்டுக் கேஜுக்குப் பக்கத்துல குனிஞ்சாங்க. "எல்லாரும் கைய எடுங்க. தானா ஓடோணும், தானா நிக்கோணும்."

டர்ர்ர்ர்ர். முள்ளு ஏறுது. அறுவது. எம்பது. நூறு. நூத்தியிருவது. மௌனிகா அந்த 'டிக்'குக்காக மூச்சைப் புடிச்சுட்டு நிக்கறா. டிக்கும் வரலை, ஒண்ணும் வரலை. அப்போ, காத்து மிஞ்சுனா தானா தெறந்து விடற சேஃப்டி வால்வு 'புஸ்ஸ்ஸ்ஸ்'னு கத்திச்சு பாரு, பக்கத்து டேபிள்ல இருந்தவங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. மேடம் மெயின் சுவிட்சை அமுத்தி நிறுத்துனாங்க. "நிக்கலை. சரி பண்ணிக் கூப்புடுங்க." சீட்டுல ஒரு கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. மணி பத்தரை.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

சரி. "சுவிட்சு சொத்தை"ன்னுட்டா மௌனிகா. டேபிள் டேபிளா ஓடி, ஒரு டீம்கிட்ட இருந்து கெஞ்சிக் கூத்தாடி வேற சுவிட்சு வாங்கிட்டு வந்தா. மாட்டுனா. மூணு தடவ இழுத்துப் பாத்தா. அப்புறம் மேடம் ரெண்டாவது தடவ வந்தாங்க. டர்ர்ர்ர். நூறு. நூத்தியிருவது. புஸ்ஸ்ஸ்ஸ். சீட்டுல ரெண்டாவது கோடு. "இன்னும் ஒரு தடவதான் வருவேன்" அப்படின்னாங்க. மணி பதினொண்ணேகால்.

அப்போ யுகேந்திரன் அஸ்லம் பக்கம் திரும்புனான். "டேய், உன் புரோகிராம்லதான் தப்பு."

"சுவிட்சு ஒயரு நேரா கம்ப்ரஸரை ஓட்டற போர்டுக்குப் போகுதுடா. அதுக்கும் என் புரோகிராமுக்கும் சம்பந்தமே இல்ல" அப்படின்னான் அஸ்லம்.

இந்த வாயாடி சும்மா இருந்திருக்கலாம்ல? "நான் போட்ட ஒயர்ல தப்பே வராது"ன்னுட்டா.

"அப்புறம் என்ன, நீதான். போ, போய் வெளிய உக்காரு"ன்னான் யுகேந்திரன், அஸ்லமைப் பாத்து. அஸ்லம் லேப்டாப்பைப் பைல போட்டான், தோள்ல மாட்டுனான், போயிட்டான்.

"அழுதானா?"

யாரு பாத்தா? யாரும் திரும்பிப் பாக்கலையே.

அப்புறம் மௌனிகா ரோபோகிட்ட மண்டி போட்டு உக்காந்தா. சுவிட்சுல இருந்து ஒரு ஒயரைக் கழட்டி அந்தரத்துல விட்டா. இப்ப ரெண்டும் பிரிஞ்சாச்சுல்ல? கம்ப்ரஸர் ஓடவே கூடாது. "போடு யுகேன்"னா. அவன் போட்டான்.

டர்ர்ர்ர்ர்ர்.

ஓடுது. சுவிட்சே இல்லாம ஓடுது. ஒயரை வெரல்ல புடிச்சுட்டே போனா. தகடுக்கு அடில போகுது. பேட்டரிக்குப் பின்னால வளையுது. அங்க வெரல்ல தடிப்பா என்னமோ தட்டுப்பட்டுச்சு. கறுப்பு டேப்பு. பிரிச்சுப் பாத்தா, ரெண்டு ஒயரும் நடுவுல தோலு சீவி, ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக் கெடக்குது.

அதைய முறுக்குனது யாருன்னு நெனைக்கற? அவளேதான். ரெண்டு வாரத்துக்கு முன்னால சுவிட்சு கொரியர்ல வராம கெடந்துச்சு. கம்ப்ரஸரை ஓட்டிப் பாக்கோணும். ஒயரு நுனில, சுவிட்சுல மாட்டற கிளிப்பு அழகா அடிச்சு வெச்சிருந்தா, அதைய வெட்ட மனசு வரலை. அதனால நடுவுல சீவி முறுக்கி, மேல டேப்பைச் சுத்தி, சுவிட்சு வந்ததும் எடுத்துக்கலாம்னு விட்டா. சுவிட்சு வந்துச்சு, நுனில மாட்டுனா, மூணு தடவ இழுத்தும் பாத்தா. நுனியத்தான பாத்தா? நடுவுல ஒட்டிக் கெடந்தா, நுனில சுவிட்சு ஆயிரம் தடவ பிரிஞ்சாலும் போர்டுக்கு எப்படித் தெரியும்?

"ம்."

மணி பதினொண்ணு நாப்பது. பழைய ஒயரை உருவி எறிஞ்சுட்டு, போர்டுல இருந்து சுவிட்சு வரைக்கும் புதுசா ரெண்டு ஒயரு இழுத்தா. கிளிப்பு ரெண்டு தடவ கீழ விழுந்துச்சு. "என்னடி ஆச்சு?"ன்னான் யுகேந்திரன். "ஒயரு மாத்திட்டேன்"னா. அவ்வளவுதான். அந்த டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டா. அத்தாம் பெரிய வாயி அப்பப் பாத்து ஒட்டிக்கிச்சு. சொன்னா எட்டு மாசப் பேரு போயிரும். சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?

அப்புறம் மேடம் மூணாவது தடவ வந்தாங்க. டர்ர்ர்ர். எம்பது. நூறு. நூத்திப் பத்து. நூத்திப் பதினஞ்சு. யுகேந்திரன் கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். நூத்தியிருவது.

டிக்.

அப்படியே அமைதி. முள்ளு அசையலை. மேடம் அரை நிமிசம் பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் பேனாவை எடுத்து, "என்ன தப்பு இருந்துச்சு? எழுதோணும்" அப்படின்னாங்க.

"புரோகிராம்ல மேடம். பையன் தப்பா எழுதிட்டான்"னான் யுகேந்திரன்.

மேடம் பேனா நின்னுருச்சு. ஒயர் கட்டர் புடிச்சிருந்த மௌனிகாவைப் பாத்தாங்க. அவளுக்குக் காது ரெண்டும் சுடுது. "இல்லைங்க மேடம். நான்தான் ஒயரை நடுவுல சேத்தி வெச்சுட்டு மறந்துட்டேன். அஸ்லம் ஒண்ணும் பண்ணலைங்க." பாக்கெட்டுல இருந்து டேப்பை எடுத்துக் காட்டுனா.

மேடம் எழுதுனாங்க. "புரோகிராம்னு நீயும் சொல்லியிருந்தா ஸ்டிக்கர் குடுத்திருக்க மாட்டேன். இந்த சுவிட்சு புரோகிராம் வழியாப் போறதே இல்ல. என்ன தப்புன்னு தெரியாம சரியானது, ஆட்டத்துக்கு நடுவுல மறுபடியும் கெட்டுப் போகும்." சொல்லிட்டு பச்சை ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டுனாங்க. யுகேந்திரன் தரையப் பாத்துட்டு நின்னான்.

மணி பதினொண்ணு அம்பத்தி ரெண்டு. பன்னண்டுக்கு முதல் ஆட்டம். அஸ்லம் இல்லாம ரோபோ எப்படித் தானா ஓடும்? மௌனிகா ஓடுனா பாரு, துப்பட்டா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கேன்டீன்ல இல்ல. கேட்டுகிட்ட இல்ல. பஸ்ஸு நிறுத்தற எடத்துல, படிக்கட்டுல, பைய மடில வெச்சுட்டு உக்காந்திருந்தான்.

"நான்தான் அஸ்லம். என்ற ஒயர்லதான் தப்பு."

அவன் நிமிந்தே பாக்கலை. "அத்தன பேருக்கு முன்னால என்னைச் சொன்னீங்க."

"அத்தன பேருக்கு முன்னாலயும் நான்தான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

உள்ள மைக்குல அவங்க டீம் நம்பரைக் கூப்புடறாங்க. அவன் அசையலை.

"நேராப் போர்டுக்குப் போகுதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"கேட்டியா?"

"கேக்கலை."

மைக்குல ரெண்டாவது தடவ நம்பர் கூப்புட்டாங்க. அப்போ அஸ்லம், "எத்தன நிமிசம் இருக்குது?" அப்படின்னான்.

"நாலு."

எந்திரிச்சான். லேப்டாப் பைய அவ கைல குடுத்தான். "புடி, ஷூவைக் கட்டிக்கறேன்"னான்.

"ஜெயிச்சாங்களா பெரியம்மா?"

மூணு பேரும் போயி நின்னாங்க. எனக்கு அது போதும். உனக்குப் பத்தலைன்னா கனவுல போயிப் பாத்துட்டு வந்து காத்தால எனக்குச் சொல்லு. கதை ஆச்சு சாமி, கண்ண மூடு.

"..."

அட, "ம்" காணோம்.